வாடகை மகள்

பாக்கு ராணிக்கு எப்போதும் முட்டி வலி. மேடையில் பெயர் பாக்கு ராணி, அடையாள அட்டையில் போஷுன். மேடையில் அவள், பேருந்தில் அவன். அதில் அவனுக்கொன்றும் தகராறில்லை. சனிக்கிழமைகளில் காவ்ஷியுங் துறைமுகத்தருகே ஒரு சின்ன அரங்கில், ஜிகினா கவுனும் பெரிய கொண்டையுமாக, இரண்டு தந்தி எர்ஹுவை மடியில் நிறுத்தி, தனி ஆளாக வாசித்துப் பாடிச் சிரிக்க வைப்பான். மற்ற நாட்களில் சாவு வீடுகளில் வாடகை மகளாக அழுவான்.

சாவுக்குப் பின் வாராவாரம் நடக்கும் சடங்குகளில் ஒன்று மகள்களுக்குரியது. மகள் இல்லாத வீட்டில் ஆள் பிடிப்பார்கள். சணல் முக்காடு முகத்தை மறைக்க, வாசலிலிருந்து செத்தவரின் படம் வரை தவழ வேண்டும். வீட்டு ஆள் கைகொடுத்துத் தூக்கும்வரை எழக் கூடாது. இதுவரை எத்தனை அம்மாக்களுக்கு அழுதானோ, அந்தக் கடவுளுக்கே வெளிச்சம்.

சொந்த அம்மா செத்தபோது மட்டும் போகவில்லை. அண்ணன் மௌஷான் தொலைபேசியில் கறாராகச் சொல்லிவிட்டான்.

"முடிய வெட்டு, மழிச்ச புருவத்த வளர விடு. ஆம்பளப் புள்ளையா வர்றதுன்னா வா. இல்லன்னா வராத."

"அப்ப வரல" என்று வைத்துவிட்டான் போஷுன். அன்று முழுக்க ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

அம்மா செத்த மூன்றாம் வாரம், சாவு வீடுகளுக்கு ஆள் அனுப்பும் ஷியூமெய் அக்கா கூப்பிட்டாள். அவளுக்குப் பாக்கு ராணியைத்தான் தெரியும், போஷுனின் ஊரும் வீடும் தெரியாது.

"ஏய் ராணி, நாளைக்குத் துங்காங்ல ஒரு வீடு. ரெண்டும் பையனுங்க, அதுல ஒண்ணு ஓடிப்போச்சாம். நல்லா அழுற ஆளா கேக்குறாங்க."

"எந்தத் தெருக்கா?"

மீன் ஏலக்கூடத்துக்குப் பின் தெரு, மூலை வீடு என்றாள். அவன் பிறந்த வீடு.

"என்னடி, போறியா? முடியாதுன்னா வேற ஒருத்தி இருக்கா. அவ அழுதா செத்தவங்களே எழுந்து ஓடிடுவாங்க."

"நானே போறேன்."

ஒரு தடவையாவது மகளாக அம்மா முன்னால் போய் விழ வேண்டும். கூலிக்காரியாகத்தான் போக முடியுமென்றால் அப்படியே போகட்டும். அண்ணன் கண்டுபிடித்துத் துரத்தினால் அதுவும் போச்சு.

மறுநாள் பிற்பகல் வெயிலில் தவழ்ந்து போனான். அம்மாவின் படத்துக்கு முன் மண்டியிட்டு, கழுத்தில் மைக்கோடு எர்ஹுவில் வில்லை இழுத்தான். "வந்துட்டேன் அம்மா, உன் மக வந்துட்டேன்" என்று வழக்கமான பாட்டைப் பாடினான். குரல் வந்தது. கண்ணீர் வரவில்லை. ஊரான் வீட்டிலெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டேனா, பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"சத்தமா அழும்மா, இங்க ஒண்ணுமே கேக்கல!" என்றார் பந்தலில் ஒரு கிழவர்.

"சாப்பிடாம வந்துட்டா போல" என்றாள் ஒருத்தி. யாரோ சிரித்தார்கள்.

வில் நின்றது. பாட்டில் இல்லாத ஒன்றை அவன் வாய் சொன்னது:

"புருவமில்லாமத்தான்மா வந்திருக்கேன்."

பந்தலில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மௌஷான் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்தான். நேரே வந்து, குனிந்து, முக்காட்டுக்குள் பார்த்தான். கழுத்து மைக்கைப் பிடுங்கினான். தீர்ந்தது கதை என்று நினைத்தான் போஷுன்.

அண்ணன் மைக்கை அணைத்துத் தரையில் வைத்தான்.

"ஊருக்கு அழுதது போதும்" என்றான் அடிக்குரலில். அவன் கை போஷுனின் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தது. "எழுந்திரு. அம்மா கடைசி வரைக்கும் 'எம்பொண்ணு எங்க, எம்பொண்ணு எங்க'ன்னுதான் கேட்டா. நம்ம வீட்ல ஏது பொண்ணு, புத்தி தடுமாறிப் பேசுறாளேன்னு இருந்துட்டேன்."

போஷுன் எழவில்லை. அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டு, ராகமில்லாமல், மூக்கொழுக, அசிங்கமாக அழுதான்.