வேட்டி நுனியில் சிலந்திகள்

நெற்பயிரின் தூரை விலக்கி, ஈரத் தூரிகை நுனியால் கொளஞ்சியம்மாள் அந்தச் சிலந்தியைத் தொட்டெடுத்தாள். ஒரு கேழ்வரகு மணியில் பாதிகூட இல்லை. முழு வளர்ச்சியே அவ்வளவுதான் என்று ஆரோக்கியசெல்வம் சார் சொல்லியிருந்தார். திருச்சியில் கல்லூரி வாத்தியார், ஆராய்ச்சிக்காக தா.பழூர் வயல்களில் பொடிச் சிலந்தி தேடி வந்தவர். அவருடைய பூதக்கண்ணாடிக்குத் தப்பியதெல்லாம் இவள் வெறுங்கண்ணில் பட்டது. கூலிக்கு அமர்த்திக்கொண்டு, சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் வந்து குப்பிகளை வாங்கிப் போனார்.

பிடித்த சிலந்திகள் கெடாமலிருக்கக் குப்பிகளில் ஊற்ற ஒரு பெரிய பாட்டில் ஸ்பிரிட்டும் கொடுத்திருந்தார். விஷம், வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவை என்றார். அவள் சொல்லவில்லை. கள்ளு, சாராயக் கடைகளை மூடி மதுவிலக்கு வந்த இந்த ஒரு வருஷமாக அவள் புருஷன் மாயவன் எதையெதையோ குடித்துக்கொண்டிருந்தான். ஸ்பிரிட் என்ற பேச்சே காதில் விழக்கூடாதென்று விறகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். ஒளித்ததாலேயே அது சாராயம் என்று அவன் முடிவுகட்டினான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் திரும்பியபோது பாட்டில் காலி. குப்பிகளையும் கவிழ்த்து வேட்டி நுனியில் வடிகட்டிக் குடித்திருந்தான். ஒரு வாரத்துச் சிலந்திகள் துணியில் ஒட்டியிருந்தன. உப்புத்தண்ணீர் கரைத்து ஊற்றினாள். கொஞ்சம் வாந்தியெடுத்துவிட்டுத் தூங்கிப்போனான். மறுநாள் எழுந்து, வூட்டுக்குள்ள ஏன் இவ்வளவு புகை என்று கேட்டான். அவள் இன்னும் அடுப்பே மூட்டவில்லை.

அரியலூர் ஆஸ்பத்திரியில், இனிப் பார்வை திரும்பாது என்றார்கள். விஷயம் கேள்விப்பட்டு சார் வந்து நின்றார். எங்கே வாங்கிக் குடித்தாய் என்று போலீஸ்காரர் கேட்டதற்கு, கேஸ் ஆகிவிடும் என்று மாயவன் வாய் திறக்கவில்லை. சார் ஏதோ சொல்ல வந்தார். கொளஞ்சியம்மாள் முந்திக்கொண்டாள்.

"தெரியாதுங்க. எங்கயோ குடிச்சிட்டு வந்து கெடந்தாரு."

வெளியே வேப்பமரத்தடியில், ஏன் அப்படிச் சொன்னாய் என்று சார் கேட்டார்.

"நெசத்தச் சொன்னா, வெசம்னு நீங்க எங்கிட்ட சொன்னது எங்க வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சிடுங்க."

அதன் பிறகு சார் வரவில்லை.

தையில் அவனைக் கைபிடித்துக் கூட்டிவந்து வரப்பில் உட்காரவைத்துவிட்டு அறுப்பில் இறங்கினாள். பொடிச் சிலந்திகள் நூல்விட்டுக் காற்றில் ஏறிக்கொண்டிருந்தன. அவன் முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான்.

"என்னடி இது, மூஞ்சில ஒட்டுது?"

"பனி" என்றாள்.

அவன் துடைப்பதை விட்டுவிட்டான். வெயில் ஏற ஏற, மின்னும் நூல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அவன் திறந்த கண்களின் இமைகளில் வந்து படிந்தன.