வடக்கே தலை வைத்த முட்டைகள்

முப்பத்தாறாம் வருஷம் சேலத்தில் ஒரு கல்லூரியில், மாணவர்களுக்குச் செய்முறை காட்டும் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர் நான். வேலை நிலைக்க வேண்டுமானால், பத்து முட்டைகளில் எட்டுக்காவது, உள்ளே இருக்கும் கருவின் தலை எந்தப் பக்கம் என்று உடைக்கும் முன்பே சொல்லிக் காட்ட வேண்டும். நிபந்தனை பிரின்சிபாலுடையது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அவரிடம் ஜம்பம் அடித்தது நான்.

விஷயம் எளிதுதான். முட்டை கோழியின் வயிற்றுக்குள் சுழன்றுகொண்டே இறங்குகிறது. கருவுக்குத் தலை எங்கே, வால் எங்கே என்பதை அந்தச் சுழற்சிதான் தள்ளி நிறுத்துகிறது. முட்டையின் பருத்த முனையை இடக்கைப் பக்கம் வைத்துப் படுக்கப் போட்டால், குஞ்சின் தலை பெரும்பாலும் நம்மைவிட்டுத் தள்ளி, அந்தப் பக்கம் இருக்கும்.

சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊரில் அத்தாயி என்பவளிடம் அடைக்கோழி இருந்தது. அவளுடைய பத்து முட்டைகளைக் கூடையில், பருத்த முனைகள் மேற்கே பார்க்க வரிசையாக அடை வைத்தேன். "இப்ப பத்துக்கும் தலை வடக்கே இருக்குது அக்கா" என்று பெருமை வேறு.

மறுநாள் போனால் எல்லாம் திரும்பியிருந்தன. பருத்த முனைகள் வடக்கே.

"யாரக்கா தொட்டது?"

"நாந்தானுங்க. வடக்க தல வெச்சுப் படுத்தா ஆயுசு கெட்டுப்போயிருமுங்க சாமி. கெழக்க திருப்பி வெச்சேன். இந்தக் கோழிக்குத்தான் புத்தியில்ல, மறுக்கா மறுக்கா உருட்டி உடுது."

கோழி புரட்டப் புரட்ட, இவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சரிசெய்திருக்கிறாள். பருத்த முனை வடக்கே போனால் தலை கிழக்கே போகும்; முட்டையோடு கருவும் சேர்ந்து திரும்பும், என் கணக்குக்கு ஒரு கேடும் இல்லை. ஆனாலும் கோபம் வந்தது. என் விஞ்ஞானத்தை என்னைவிட அவள் அதிகம் நம்பியது எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல், கோழியும் கூடையுமாக அவளும் பஸ் ஏறினாள். சாலை வளைந்தபோதெல்லாம், தலைகள் கிழக்கே இருக்கும்படி மடியிலிருந்த கூடையைத் திருப்பினாள். கோழி கண்டக்டரைக் கொத்தியது. சேலம் வருவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் கிழக்கு எது என்று சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள்.

பிரின்சிபால் முன்னால் தலைப்பக்கத்தைச் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு ஓடாகத் திறந்தேன். திறந்த எட்டும் சரி. மஞ்சள் கருவின் மேல் சின்னச் சிவப்புப் புள்ளிகளாக இதயங்கள் துடித்துக்கொண்டிருந்தன. "போதும், வேலை உமக்குத்தான்" என்று பிரின்சிபால் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். நான் பூரித்துப் போனேன்.

வாசலில் நின்றிருந்த அத்தாயி உள்ளே வந்து மேஜையைப் பார்த்தாள். காலேஜில் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள் என்றே அவள் நினைத்திருந்தாள். உடைக்கப் போவதாக நான் சொல்லவே இல்லை. முதலில் திறந்த முட்டையில் துடிப்பு நின்றிருந்தது.

"கெழக்கதானுங்களே தல வெச்சிருந்தேன்" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மிச்சமிருந்த இரண்டு முட்டைகளையும் கூடையில் கோழிக்கடியில் வைத்தேன். வைத்த பிறகு, ஜன்னலில் வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்து, தலை கிழக்கே இருக்கும்படி இரண்டையும் திருப்பினேன். கோழி என் கையைக் கொத்தியது. கொத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.