பேரிங் இல்லாத சாமான்

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தொப்பை விழுந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. அவருக்கும் விழுந்தது. எங்கள் வீடு உச்சி மாடியில் இருந்தும், மனிதர் படியில் கால் வைக்க மாட்டார். "லிஃப்ட் மெக்கானிக்கே படியில ஏறினா பாக்கறவன் என்ன நினைப்பான்? அதுக்கப்புறம் எவனாவது நம்பி லிஃப்ட்ல ஏறுவானா?" என்பார். பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது. மூச்சில்தான் தோற்றார்.

ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறி வந்து வாசலில் நின்றார். தண்ணீர் கேட்க வாயெடுத்தவர், பாதி வார்த்தையை ஒரு மூச்சிலும் மீதியை அடுத்த மூச்சிலும் சொன்னார். முகம் வெளுத்துப்போயிருந்தது. சமையலறைக்கு ஓடினேன். நான் தண்ணீர் கொண்டுவந்தபோது, "லிஃப்ட் எவ்வளவு அவசியம்னு இப்பப் புரியுதா?" என்று அதையும் தவணை முறையில் கேட்டார்.

அடுத்த வாரமே கம்பெனியில் வருடாந்திர உடல் பரிசோதனை. டாக்டர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. அதிலும் தேறாவிட்டால், கூண்டு ஏறி இறங்கும் குழிக்குள் இவரை விட மாட்டார்கள். கருவிப் பையை ஆபீசில் ஒப்படைத்துவிட்டு, போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து புகார் எழுத வேண்டியதுதான். பையை ஒப்படைப்பது என்ற பேச்சை எடுத்தாலே இவர் அதை மடியில் இழுத்து வைத்துக்கொள்வார். "அந்த நாற்காலியில உக்கார வச்சா நான் செத்தேன்" என்றார். குழிக்குள் போனால் என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம். போகாவிட்டால் என்ன ஆவாரோ என்று அதைவிடப் பயம்.

"உடற்பயிற்சி தனியாச் செய்யச் சொன்னா செய்ய மாட்டார்மா. வீட்ல எல்லாரும் சேந்து செய்யற மாதிரி ஏதாவது வாங்குங்க" என்று டாக்டர் என்னிடம் சொல்லி அனுப்பினார். எங்கள் வீட்டு 'எல்லாரும்' யார் என்று அவருக்குத் தெரியாது. என் மகளுக்கு வீட்டில் வக்கீல் என்று பெயர். பள்ளிக்கூடம்தான் படிக்கிறாள், ஆனால் சாப்பிடக் கூப்பிட்டாலே குறுக்கு விசாரணை செய்வாள். அடுத்தது என் தம்பி. வேலை தேட ஒரு வாரம் தங்குகிறேன் என்று வந்தவன், சோபாவில் வேர் விட்டு வருஷம் ஓடிவிட்டது. வக்கீல் அவனுக்கு வைத்த பெயர் தலையணை.

நாலு பேருமாக உடற்பயிற்சிக் கருவி விற்கும் கடைக்குப் போனோம். நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். ஒரு வில்லையைப் போட்டு, அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு, 'முன்னது தெளிவா, பின்னது தெளிவா' என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில், தம்பியை ஒவ்வொரு கருவியிலும் ஏற்றி இறக்கிக் கேட்டேன்.

"முன்னதும் வலிக்குது அக்கா, பின்னதும் வலிக்குது. அதோ, அந்த மசாஜ் நாற்காலி மட்டும்தான் தெளிவா இருக்கு" என்றான். கொஞ்ச நேரத்தில் அதிலேயே தூங்கியும் போனான்.

வக்கீல் விற்பனையாளரை நடைபயிற்சி மெஷின் பக்கத்தில் மடக்கியிருந்தாள்.

"இதுல ஒரே நேரத்துல எத்தனை பேர் நடக்கலாம்?"

"ஒருத்தர்தான்மா."

"அப்ப மத்தவங்க?"

"பாத்துக்கிட்டு இருக்கலாம்."

"பாக்கறதுக்கு எங்க வீட்ல டிவி இருக்கே சார்."

அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

இவர் எங்கே என்று தேடினால், ஒரு மூலையில் உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றின் சக்கரத்தில் காதை வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். பெடலைக் கையால் மெல்லச் சுற்றினார். கிரீச் என்றது. "பாவம், என்னமா அழுவுது பாரு" என்றார். அவர் முகத்தில் பல நாள் கழித்து வெளிச்சம் வந்திருந்தது. "சீட்டை ஏத்தி இறக்கலாம் சார். சின்னவங்க பெரியவங்க எல்லாரும் மாத்தி மாத்தி ஓட்டலாம். கொஞ்சம் கஷ்டமா மிதிபடும், அது வந்து..." என்று விற்பனையாளர் ஏதோ விளக்க வந்தார். யார் கேட்டோம்? அந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. வாங்கிவிட்டோம்.

சைக்கிளைக் கூடத்தின் நடுவில் வைத்தோம். ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து உற்சாகப்படுத்துவது என்று ஏற்பாடு. முதல் சில நாட்கள் வீடே முனகியது. இவர் இறங்கும்போது சட்டையைப் பிழியலாம். தம்பிக்குக் கண்ணில் தண்ணீர். "எனக்குச் சோறு போடறது கஷ்டமா இருந்தா நேரா சொல்லிடு அக்கா, இப்படிச் சித்ரவதை பண்ணாத" என்றான்.

வந்த விடுமுறை நாளில் இவர் கருவிப் பையைத் திறந்தார். "சத்தத்தை மட்டும் எடுத்துடறேன்" என்றார். எடுத்தார். அதற்குப் பிறகு அந்த சைக்கிள் இருக்கும் இடமே தெரியவில்லை. முனகல் நின்றது. சட்டை நனையவில்லை. தம்பி அவனாகவே வந்து ஏறினான். நான் ஓட்டிக்கொண்டே காய் நறுக்கினேன். "உடம்பு பழகிடுச்சு, அதான் கஷ்டமே தெரியல" என்று கண்ணாடிக் கடையில் பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். உழைத்த உடம்பாயிற்றே என்று எல்லோர் தட்டிலும் ஒரு கரண்டி கூடவே விழுந்தது.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் கூடத்திலிருந்து குறட்டைச் சத்தம். எட்டிப் பார்த்தேன். தலையணை சைக்கிளின் கைப்பிடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கால் இரண்டும் தரையில். பெடல் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் போய்க் காப்பி போட்டு, ஆற்றி, குடித்தும் முடித்தேன். அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

"எப்படி? ஒரு பிரேக் கட்டை சக்கரத்தை ஓட விடாமக் கடிச்சுக்கிட்டு இருந்துச்சு. கழட்டித் தூக்கிப் போட்டேன். பேரிங்கையும் மாத்திட்டேன், நம்ம லிஃப்ட் பேரிங். ஒரு மிதி மிதிச்சா போதும், அது பாட்டுக்கு ஓடும்."

"அந்தக் கடிதாங்க உடற்பயிற்சி."

சத்தியமாக அவருக்கு அது தோன்றவே இல்லை. "கஷ்டப்பட்டு ஓடற மெஷினைப் பாத்தா என் கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார் மெதுவாக. "இத்தனை வருஷமா அதைத்தானே செஞ்சிக்கிட்டு இருக்கேன்."

எடை பார்க்கும் கருவியில் ஏற்றினேன். கூடியிருந்தது. பரிசோதனைக்கு ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் பாக்கி. எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. "உங்க வேலை போனாக்கூட நான் சமாளிச்சுக்குவேங்க. அன்னிக்கு வாசல்ல நின்னீங்களே, அந்த மூச்சு இன்னும் என் காதுலயே இருக்கு. அதுக்குத்தான் பயப்படறேன்" என்றேன். தம்பி சத்தமில்லாமல் சைக்கிளை விட்டு இறங்கி, பெடலைக் காலால் நிறுத்தினான்.

வக்கீல்தான் தீர்ப்புச் சொன்னாள். "பிரேக்கைத் திரும்ப மாட்டினாலும் அப்பா கழட்டிடுவார். அதனால ரெண்டு நிபந்தனை. புதுசா வாங்கறதுல ஸ்க்ரூ, பேரிங், கிரீஸ் எதுவும் இருக்கக்கூடாது. ஒருத்தர் தூங்கினா மத்தவங்களுக்கு உடனே தெரியணும்."

மறுநாள் எங்களைக் கண்டதும் கடை விற்பனையாளர் நைசாக உள்ளே நழுவினார். வக்கீல் பின்னாலேயே போய் அழைத்துவந்து நிபந்தனைகளை ஒப்பித்தாள். அவர் யோசித்தார். பின்பக்கம் போய்ப் புழுதி தட்டிக்கொண்டு ஒரு நீளமான கயிறு கொண்டுவந்தார். இரண்டு முனையிலும் மரக் கைப்பிடி. இரண்டு பேர் பிடித்துச் சுற்ற, நடுவில் இருப்பவர் குதிக்க வேண்டும். தனி ஆளாக அதை வைத்துக்கொண்டு துணி வேண்டுமானால் காயப்போடலாம்.

இவர் வாங்கி முறுக்கிப் பார்த்தார், கைப்பிடியைத் தட்டிப் பார்த்தார்.

"இதுல கழட்டறதுக்கு என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார்."

"ரிப்பேர் ஆனா?"

"ஆகாது சார்."

இவர் முகம் தொங்கிப்போயிற்று. "இதையே கட்டிக் குடுங்க" என்றேன்.

தினமும் சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போனோம். முதல் நாளே தம்பி சுற்றிக்கொண்டே கண்ணை மூட, கயிறு தொய்ந்து வக்கீலின் காலை வாரியது. அவள் போட்ட சத்தத்தில் அவனுக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கம் போயிற்று. இவரோ கைப்பிடியை விடவே இல்லை. "சுத்தற சாமான்லதான் எனக்கு அனுபவம். நான் சுத்தறேன், நீங்க குதிங்க" என்று நழுவிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் வக்கீல் அவர் கையிலிருந்ததைப் பிடுங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, "அப்பா, உள்ள வாங்க" என்றாள்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளே வந்து குதித்தார். கயிறு காலில் சிக்கியது. கீழ் வீட்டுக்காரர் மேலே ஓடிவந்து, "தண்ணித் தொட்டி ஏதாவது சரிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்புத் தாங்காமல் கயிற்றை விட்டுவிட்டேன். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "மறுபடி சுத்துங்க" என்றார். அன்றைக்கு இருட்டும் வரை எங்களை விடவில்லை. அதற்கப்புறம் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே, "கயிறு எங்க?" என்பார். மகளும் அவரும் எதிரெதிரே நின்று குதிக்கும் அளவுக்கு வந்தார்கள். எண்ணுவதில் இரண்டு பேருக்கும் தீராத தகராறு. தம்பிக்குத் தோள்பட்டை இறுகி, சோபாவில் எப்படிப் படுத்தாலும் சரிப்படவில்லை. வேலைக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்தான்.

பரிசோதனை நாள் வந்தது. நான் கடைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். சாயங்காலம் வாசல் கதவருகே நின்று, லிஃப்ட் வரும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வந்தது, பாதி வழியில் நின்று, திரும்பிப் போயிற்று. மறுபடி வந்தது. அதுவும் எங்கள் மாடிக்கு இல்லை. நாற்காலிதான் என்று ஆகிவிட்டதோ, வீட்டுக்கு வர மனமில்லாமல் எங்காவது உட்கார்ந்திருக்கிறாரோ என்று மனம் கண்டபடி ஓடியது.

லிஃப்ட் சத்தமே கேட்காமல் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். நின்றுகொண்டிருந்தார்.

"லிஃப்ட் ரிப்பேரா?" என்றேன்.

"அது ஜம்முனு ஓடுது. அதை விடு, படியேறி வரும்போதுதான் யோசிச்சேன், கயித்துல கைப்பிடிகிட்ட முறுக்கு விழுதுல்ல, அங்க சின்னதா ஒரு பேரிங் வச்சு லேசா கிரீஸ் தடவிட்டா கையில நோவே தெரியாம அது பாட்டுக்குச் சுத்தும், அதுக்கு நம்ம சைக்கிள்ல இருந்தே ஒண்ணைக் கழட்டிக்கலாம்" என்றார்.

நடுவில் ஓர் இடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. நான் அதை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் அவர் தோளைப் பார்த்தேன். கருவிப் பை தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பி, "அப்பா வந்துட்டார். அந்தக் கயித்தை எடுத்து எங்கயாவது ஒளிச்சு வை" என்றேன்.