கெட்டிக்கால் எழுத்து

காந்திபுரத்தில் தை மாதம் திறந்த பேக்கரிக்கு மாசி பிறப்பதற்குள் ஐம்பது வயதாகிவிட்டது. பெயர்ப்பலகை ஏறிய அன்றே பென்ஷன்காரர்கள் வந்து, கல்யாணத்துக்கு முன்னால் இங்கே தின்ற தேங்காய் பன் இப்போது அந்த ருசியில் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். முதலாளி சாய்சரண் சின்னப் பையன். அவனுக்கே, தாத்தா அதே கல்லாவில் உட்கார்ந்து தன்னை அதட்டியது ஞாபகம் வந்தது. நிஜத்தில் தாத்தா ஆயுள் முழுக்க விசைத்தறி ஓட்டியவர். பெயின்ட் அடிக்கப் பலகையைக் கழற்றிய அன்று மட்டும் கடை புதுக்கடையாக இருந்தது, ஒருவரும் குறை சொல்லவில்லை.

எல்லாம் அந்தப் பலகையின் எழுத்து செய்த வேலை என்பது அதை வரைந்த மெர்சிக்கு மட்டும் தெரியும். சரவணம்பட்டியில் ஒற்றை அறையில் தங்கிக் கணினியில் எழுத்துரு செய்பவள் அவள். பழைய தீப்பெட்டி லேபிள்களைப் பார்த்துப் பார்த்து, தடித்த உடம்பும், கோட்டின் முனைக்கு முனை செங்கல் வைத்தாற்போல் சதுரப் பாதமும், உள்ளே கொடிப்பின்னலுமாக வரைந்து, ‘கெட்டிக்கால்’ என்று பேர் வைத்திருந்தாள். அதில் எழுதிய எதற்கும் ஒரு பழைய காலம் வந்து ஒட்டிக்கொண்டது. ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓடுகிற கடைக்கு இப்படி ஆவதுண்டு என்று விட்டுவிட்டது.

மெர்சிக்குத்தான் பழைய காலம் என்று ஒன்றும் இல்லை. குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள். காய்ச்சலில் நாள் கணக்காகக் கிடந்தாலும் ஏன் என்று கேட்க நாதியில்லை. அப்படிக் கிடந்து எழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் பெயரைக் கெட்டிக்காலில் அச்சடித்துக் கதவில் ஒட்டினாள்.

அந்த வாரமே அன்னூரிலிருந்து ராசாத்தாள் என்கிற அம்மாள் வெற்றிலை பாக்கும் கல்யாணப் பத்திரிகையுமாக வந்து நின்றாள். “கோவிச்சுட்டுப் போயி எத்தன வருசமாச்சு கண்ணு. தம்பி தனபாலுக்குக் கண்ணாலம். அக்காளில்லாம இணைச்சீருக்கு ஆர உக்கார வெப்பேன்?” மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளை மணப்பெண் போலவே அலங்கரித்து அவன் பக்கத்தில் உட்காரவைக்கிற சீர் அது.

“நான் உங்க பொண்ணு இல்லீங்க. எம்பேரு மெர்சிங்க.”

“பெரசவம் பாத்த நர்சம்மா பேரு. நாந்தான வெச்சேன்” என்றாள் ராசாத்தாள், அவள் கன்னத்தை வழித்தபடி.

ஒரு தாயை ஏமாற்றுகிறோமே என்று மெர்சிக்கு மனசு அடித்துக்கொண்டது. ராசாத்தாள் போனதும் கதவிலிருந்த தாளைக் கிழித்தெறிந்தாள். பத்திரிகையில் இணைச்சீருக்கு மெர்சி பேர் இருந்த இடத்தில் இப்போது தனபாலின் சித்தப்பா மகள் நித்யஸ்ரீயின் பேர் இருந்தது. கல்யாணம் ஒன்றும் நிற்கப்போவதில்லை. போன் அடிக்கவில்லை. அந்த அமைதி அவளுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம்தான், ஆனாலும் இந்தத் தடவை தாங்க முடியவில்லை. மறுநாள் திரும்பவும் அச்சடித்து ஒட்டினாள். பசை காய்வதற்குள் போன் அடித்தது.

“ஏங்கண்ணு, நேத்துப் பூரா போனே எடுக்கல?”

மண்டபத்தில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. அவள் ஜெயித்த ஓட்டப்பந்தயத்தையும், அவள் தொடாத பாகற்காயையும் ஆளாளுக்குச் சொல்லிச் சிரித்தார்கள். எல்லோருக்கும் எல்லாம் ஞாபகமிருந்தது, அவளுக்குத்தான் ஒன்றுகூட இல்லை. அத்தனை பேர் நடுவிலும் தனியாகத்தான் இருந்தாள். பட்டுப்புடவைக்குக் கொசுவம் சரிசெய்ய மண்டியிட்ட ராசாத்தாள், அவள் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள்.

“கெணத்துப் படியில உழுந்தியே, இன்னும் வலிக்குதா கண்ணு?”

அந்தக் காலில் ஒரு கீறல்கூட இருந்ததில்லை.

“இல்லீங்கம்மா. அப்பவே ஆறிப்போச்சுங்க” என்று சொல்லிவிட்டு, மெர்சி போய்த் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.