ஐந்தாம் தொட்டி

மேலகரத்துத் தோப்பில் குருவம்மாள் அவித்த முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் கருவை மெல்லிய துணியில் கட்டித் தண்ணீருக்குள் பிசைந்தால் மஞ்சள் புகையாகக் கரையும். கெண்டைக் குஞ்சுகளுக்கு அதுதான் ஆகாரமென்று மீன் இலாகாக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். வெள்ளைக்கரு குஞ்சுகளுக்கு ஆகாது. அது குருவம்மாளின் முந்தானையில் ஏறி வீட்டுக்குப் போகும். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அதற்காகவே வாசலில் நிற்கும். தொட்டுக்கொள்ள உப்பும் மிளகும் பொடித்து முந்தானையில் முடிந்தே வைத்திருந்தாள்.

முதலாளி வல்லிநாயகம் தென்காசியில் புளி வியாபாரி. உலகச் சண்டைக் காலத்தில் ஆட்டுக்கறி விலை எட்டாத உயரத்துக்குப் போனதும் அவருக்கு மீன்மேல் பாசம் வந்தது. இலஞ்சியில் ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்தார். ஆற்றில் பிடித்த குஞ்சுகளைப் பானை பானையாக வண்டியில் கொண்டுவந்து, விரல் நீளம் வளரும்வரை இந்தத் தோப்பிலுள்ள ஐந்து சிமெண்டுத் தொட்டிகளில் விட்டார். பழைய தண்ணீரை இறைத்துவிட்டு, அருவி வாய்க்காலிலிருந்து தினமும் புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டுமென்பது உத்தரவு.

"குத்தாலத் தண்ணியில குளிச்சா பைத்தியமே தெளியுது. மீன்குஞ்சு பொழைக்காதா?" என்பார்.

குஞ்சுகளுக்கு அந்த நம்பிக்கை இல்லை. தினமும் வயிறு வெளுத்து மிதந்தன.

பத்து நாளைக்கு முன் வாய்க்கால் படியில் வழுக்கிக் குருவம்மாளின் கணுக்கால் வீங்கியது. படுத்தால் கூலி இல்லை. வேறு கூலி கிடைக்கும் நடவுக்கோ இன்னும் ஒன்றரை மாதம் கிடந்தது. அதனால் கோடியில் இருந்த ஐந்தாம் தொட்டியை மட்டும் இறைக்காமல் விட்டுவிட்டு, இறைத்தாயிற்று என்று சொல்லி வந்தாள். குற்றாலச் சாரல் சீசன் முடிந்து திரும்பிய வெயிலில் அந்தத் தண்ணீர் முருங்கைக்கீரைச் சாறு மாதிரிப் பச்சையாகிவிட்டது.

கூட வேலை செய்யும் சந்தனமாரி குடத்தை இறக்கினாள். "மைனி, மொதலாளி வருதாரு. கோடித் தொட்டியப் பாத்தா என்ன சொல்லுவாரு?"

"பச்சையப் பாத்தா கண்ணு குளிரும்பாக. குளிரட்டும்."

வல்லிநாயகத்துக்குக் குளிரவில்லை. நாலு தொட்டியிலும் செத்துக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஐந்தாவதில் நின்று குடையைத் தரையில் ஊன்றினார்.

"ஏட்டி, இது என்ன தொட்டியா, எருமை கெடக்க எடமா?"

"கால் வீங்கிட்டு மொதலாளி. பத்து நாளா இதுக்கு மட்டும் தண்ணி மாத்தல."

"மாத்தியாச்சுன்னுல்லா சொல்லிக்கிட்டு இருந்தே?"

"சொன்னேன்."

"அப்ப நாளையிலருந்து வீட்டுல கால நீட்டி உக்காந்து வீக்கத்த வத்த வை. இங்கன வராண்டாம்."

குருவம்மாள் கெஞ்சவில்லை. வெள்ளைப் பீங்கான் தட்டை எடுத்துப் பச்சைத் தண்ணீருக்குள் முக்கி அவர் முன் நீட்டினாள்.

"இதுல எத்தன செத்திருக்குன்னு பாத்துட்டு அனுப்புங்க."

தட்டில் குஞ்சுகள் துள்ளின. மற்ற தொட்டிகளில் எள்ளளவு இருந்தவை இங்கே நெல்லளவு இருந்தன. கண்ணாடி மாதிரி உடம்புக்குள் வயிறு மட்டும் பச்சையாகப் புடைத்திருந்தது. வல்லிநாயகம் புளியை அமுக்கிப் பார்க்கிற விரலை உள்ளே விட்டார். ஒன்றுகூட அகப்படவில்லை.

"இதுக்குத் தனியா என்ன போட்டே?"

"எல்லாத்துக்கும் போட்ட முட்டைதான். எர இந்தப் பாசித் தண்ணியிலேயே ஊறிக் கெடக்கு மொதலாளி. நாமதான் தெனமும் அத எறைச்சு வெளிய கொட்டுதோம்."

அவர் நாலு தொட்டியையும் திரும்பிப் பார்த்தார். குரல் இறங்கியது. "இனி எறைக்காண்டாம். ஒவ்வொண்ணுலயும் இதுல ரெண்டு கொடம் ஊத்து."

"ஊத்துதேன். நாளைக்கு வரணுமா, வராண்டாமா?"

"வராம? பாசிய நானா வளக்க முடியும்?"

சந்தனமாரி வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். குருவம்மாள் தொட்டிச் சுவரில் சாய்ந்து, பத்து நாளில் முதல்முறையாக வீங்கிய காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தாள்.

எட்டு நாளில் ஐந்து தொட்டியும் பச்சையாயின. சாவு நின்றது. அன்று காலை முட்டைக்காரி அலிமா கூடையோடு வந்தபோது வல்லிநாயகம் சிரித்த முகமாக இருந்தார்.

"இன்னைக்குள்ளத வீட்டுல குடுத்துட்டுப் போ. நாளையிலருந்து வேண்டாம். பச்சையே மேய்ச்சலுக்குப் போதும், மிச்சத்துக்குப் புண்ணாக்கு இருக்கு."

சந்தனமாரி புண்ணாக்கு இடிக்கத் தொடங்கினாள். அலிமாவின் கூடை தென்காசி ரோட்டில் முதலாளி வீட்டைப் பார்த்துப் போயிற்று. குருவம்மாளின் கை தன்னாலே, இனி வெள்ளைக்கரு ஏறாத முந்தானையின் முடிச்சை அவிழ்த்தது. உப்பும் மிளகும் ஈரத்தில் கட்டியாகியிருந்தன. ஒரு துணுக்கை நாக்கில் வைத்துக்கொண்டு, தொட்டிக்குள் கையை விட்டாள்.

கொழுத்த குஞ்சுகள் அவள் விரல்களில் வந்து மொய்த்தன.