காலித் தொட்டி

கிருத்திகைக் கூட்டம் இன்னும் மலையைவிட்டு இறங்காததால் ஆட்டோ கிடைக்கவில்லை. ரயிலடியிலிருந்து நடந்தே வந்து, முழங்கால் வலியோடு ரஞ்சிதம் ஆஸ்பத்திரி வார்டில் கழற்றிய கையுறைகளைப் போடும் சிவப்புக் குப்பைத் தொட்டியைத் திறந்தாள். நர்சிங் பள்ளியில் பாடம் எடுக்கிறவள், காலையில் வந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். தொட்டி நிறைய ரப்பர் கையுறைகள். நேற்று சாயங்காலம் அடியில் ஏழெட்டுதான் கிடந்தன.

ஆஸ்பத்திரிக் குப்பையைக் குறைக்கவும் நிறம் பார்த்துப் பிரித்துப் போடவும் மூன்று வருடமாகத் தொண்டை வற்றச் சொன்ன பாடம். நாடி பார்க்கவும் பி.பி. பார்க்கவும் கையுறை எதற்கு, சோப்புப் போட்டுக் கழுவினால் போதாதா, நாம் கழற்றிப் போடுவதெல்லாம் இன்னொருவர் ஊர் ஓரத்தில்தானே போய்ச் சேருகிறது என்று. இந்த அம்மாவுக்கு வேறு வேலையில்லையா என்று டாக்டர்களே சிரித்தார்கள். இன்று வரும் ஆய்வுக்குழு ஒப்புக்கொண்டால்தான் அடுத்த வருடமும் அந்தப் பாடம் இருக்கும். இல்லையென்றால் அந்த ஒரு மணி நேரமும் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்விடும்.

“மோனிஷா, இன்னாடி இது? ஒரே ராத்திரியில இவ்ளோவா?”

இரண்டாம் வருட மாணவி மோனிஷா விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “கோச்சிக்காதீங்க மேடம். தொட்டி காலியா இருந்தா, குப்பைய பிரிச்சே போடறதில்லன்னு வர்றவங்க நெனச்சிக்குவாங்கன்னு... புதுசா ரெண்டு டப்பா கையுறைய ஒடச்சிப் போட்டோம். கலர்லாம் மாத்தல மேடம். நீங்க சொன்ன செவப்புலதான் போட்டோம்.”

ரஞ்சிதத்துக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத் தெம்பில்லை.

பின்னாலிருந்து ஆஸ்பத்திரி நிர்வாகி வரதராஜன் சொன்னார்: “பொண்ணுங்கள திட்டாதீங்கம்மா. காலித் தொட்டியக் காமிச்சி இன்னாத்தச் சொல்லுவீங்க? அவங்க வந்துகினு கீறாங்க. கம்முனு இருந்தீங்கன்னா உங்க பாடம் பொழைச்சிக்கும்.”

வந்தவர்கள் மூன்று பேர். மூத்த அதிகாரி மூடியைத் தூக்கிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “சுத்தமா பிரிச்சிருக்காங்களே! எத்தனை நாள் சேர்ந்ததும்மா இது?”

வரதராஜன் அவளைப் பார்த்தார். மோனிஷாவும் பார்த்தாள். இன்னொரு முறை சொல்லிப் புரியவைக்கிற சக்தி தன்னிடம் இல்லை என்று பட்டது ரஞ்சிதத்துக்கு. வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, வெறுங்கையை முழங்கை வரைக்கும் தொட்டிக்குள் விட்டாள்.

“ஐயோ மேடம், கை!” என்று அதிகாரி பின்னால் நகர்ந்தார்.

அவள் ஒரு கையுறையை எடுத்து அவர் முன்னே நீட்டினாள். மடிப்புக்கூடக் கலையாமல், ஐந்து விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தொங்கின.