விறைக்குதாம்

"ஹெர் லெக் வெரி கோல்ட், டொக்டர்," என்றார் பேர்ணடெற் அன்ரி. நான் அவர் வீட்டுக்குக் கீழே, பேஸ்மன்றில் வாடகைக்கு இருப்பவள். எனக்காக ஆங்கிலம் பேச வந்திருந்தார். வழியில் நான் அவரிடம் சொன்னது, இடது கால் விறைக்குது என்று. டொக்டர் சன்னலுக்கு வெளியே பனியைக் காட்டிச் சிரித்தார். கம்பளிக் காலுறை இரண்டு சோடி போடச் சொன்னார். கோல்ட் என்ற சொல் எனக்குத் தெரியும்.

வீட்டுக்குத் திரும்பும் மல்வேர்ன் பஸ்ஸில்தான் சொன்னேன். "அன்ரி, குளிருதெண்டு நான் சொல்லேல்லை. கிள்ளினாலும் தெரியேல்லை, அதைத்தானே விறைக்குதெண்டு சொன்னனான்."

"விறைக்குதெண்டாக் குளிருதுதானே, செலீன். சனவரியில ஆருக்கடி விறைக்கேல்லை? எனக்கு மூக்கு இருக்கோ விழுந்திட்டுதோ தெரியேல்லை."

சிரிப்பு வந்தது. அவர் சொன்னதே சரியாக இருக்கலாம் என்றும் பட்டது. போன மாதம் மாலை ஆங்கில வகுப்பில் வாசிக்கத் தந்த பாடம் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்த ஒரு பெண்ணைப் பற்றியது. நரம்புகளின் மேலுறை பழுதாகிப்போகும் நோய் என்று மிஸ் விளக்கினார். அவளுக்கு முதலில் ஒரு கால் மரத்தது. பிறகு, தலை குனிந்தால் முதுகு வழியே மின்சாரம் ஓடியது. என் கால் விறைப்பு அந்தப் பாடத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. அது நிச்சயம். எனக்கு முதுகில் மின்சாரம் பாடத்துக்குப் பிறகுதான் வந்தது. வாசித்ததால் வந்ததோ? வேலையிடத்துக் கழிவறையில் குனிந்து குனிந்து பார்த்தேன். சிலவேளை ஓடியது, சிலவேளை இல்லை.

அடுத்த வகுப்பில், கால் மரத்ததற்குப் பாடத்திலிருந்த சொல்லைத் தொட்டுக் காட்டி, "நம்ப்" என்று வாசித்தேன். மிஸ் "நம்" என்று திருத்தினார். கடைசி எழுத்து இருக்குமாம், சத்தம் வராதாம். இரண்டுமே எனக்குத் தமிழாகக் கேட்டன.

டொக்டரிடம் தனியாகப் போனேன். "மை லெக் இஸ் நம். நொட் கோல்ட்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். காலுறைகளைக் கழற்றச் சொன்னார். அவர் சொன்னபடி இரண்டு சோடி போட்டிருந்தேன். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது, நரம்பு வைத்தியரிடம் அனுப்புகிறேன் என்றார். அதற்கு முன், கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சு படும்போதெல்லாம் யெஸ் சொல்லச் சொன்னார்.

மூடினேன். வலது காலில் பட்டது. "யெஸ்." மறுபடியும். "யெஸ்."

பிறகு ஒன்றும் இல்லை. ஹீற்றர் இரைந்துகொண்டிருந்தது. அவர் இன்னும் தொடவில்லையா, தொட்டுக்கொண்டுதான் இருக்கிறாரா? அவருடைய மூச்சு என் இடது முழங்காலுக்குக் கிட்டக் கேட்டது.